கரண்ட் போனால் விழிக்கும் குழந்தைகள்

லாரி மோதித் தணிகைவேல் போன பிறகு எனக்கு அழுகையே வரவில்லை. புருஷன் கிடக்கிறார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம், கல்லாகிவிட்டாள் என்றார்கள். கல்லாவது வெயிலில் சுடும். எனக்கு அதுவும் இல்லை.

அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் அவர் ஓட்டிய பவர்லூம் தறி நிற்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கைக்குழந்தை விஷ்ணுவோடும் மாமியாரோடும் திருத்தணிக்கு வந்து, மலையடிவாரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். அமைதியான தெரு. இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வந்ததிலிருந்து விஷ்ணு தூங்கவில்லை. கண்ணை மூடினால் உடனே அலறுகிறான். பால் இறங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போய்விட்டது. டாக்டர் காதைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லையாம்! இப்படியே போனால் இவனும் போய்விடுவான் என்று தோன்றியது. அதற்கும் எனக்குப் பதறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவுங்க நைனாவத் தேடுதுடி புள்ள. மலைக்குத் தூக்கினு போயி மொட்ட போட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார் மாமியார் பாஞ்சாலி.

போட்டோம். சந்தனம் பூசிய தலையோடு இன்னும் பலமாகக் கத்தினான். நல்லா இருக்கு முருகா உன் வேலை என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

கீழே கரும்பு ஜூஸ் கடையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கிளாஸ் சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன். தோளில் பாரம் கூடியது. பார்த்தால், விஷ்ணு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்!

கடைக்காரர் பிழிந்து முடித்து மெஷினை நிறுத்தினார். வீலென்று அலறினான்.

"ஐயோ, அந்த மெஷினப் போடுங்கண்ணா!"

"கரும்பே இல்லாம இன்னாத்துக்குமா ஓட்டறது?"

"சும்மா போடுங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

போட்டார். மறுபடியும் தூங்கிவிட்டான்.

அட மக்கு! எங்கள் தெருவில் கரண்ட் போய்த் தறிகள் நின்றால் வீட்டுக்கு வீடு குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு இது உறைக்கவில்லை. ஏனென்றால் தறிச் சத்தம் எனக்கு ஒருநாளும் கேட்டதே இல்லை.

வானத்தைப் பார்த்தேன். வெறும் வெயில். பூமி சுற்றுகிறது, சூரியன் எரிகிறது. ஆதியிலிருந்தே அண்டம் முழுக்க ஏதோ ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்குள்ளேயே பிறந்துவிட்டதால் நமக்குக் கேட்கவில்லை; அமைதி என்று பேர் வைத்துவிட்டோம். அது நின்றால்தான் தெரியும். நின்றால் நாமும் இப்படித்தான் அலறுவோம், எதற்கென்று தெரியாமல்.

"இன்னாடி, மேலயே பாத்துகினு நிக்கற?"

"ஊருக்குப் போலாம் அத்த."

"அந்த வூட்டுக்கா? வேணாம்னு நீதானே சொன்ன?"

"ஆங், நான்தான் சொன்னேன். இவன் சொல்லலியே."

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதான். அம்மையார்குப்பத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் தறி ஓடுகிறது. நாலு வீடு தாண்டுவதற்குள் அவன் தலை என் கழுத்தில் சாய்ந்துவிட்டது.

எனக்கு அன்றைக்குத்தான் தறிகள் கேட்டன. எதிர்வீடு, பக்கத்து வீடு, கோடி வீடு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. எங்கள் வாசலுக்கு வந்து நின்றேன். உள்ளேயிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

எனக்கு அவர் அப்போதுதான் செத்தார். வாய்விட்டு அலறினேன். தெருவெல்லாம் தறி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை அசையவில்லை.