கைமாறிய ரிமோட்

அண்ணன் போட்டிகளில் ரிமோட்டால் பறக்கவிட்டுக் கோப்பை வாங்கிய குட்டி பிளேன்கள் எல்லாம் தங்கை கட்டியவை. அவள் சோபாக் கடையில் ஃபோம் வெட்டுகிறவள்; கை அளந்து வைத்தாற்போல் வெட்டும். கோப்பைகள் அண்ணன் வீட்டு ஷோகேஸில், ஃபோம் தூள் இவள் தலையில். நல்ல பங்கீடுதான்.

இந்த முறை தனக்கென்று ஒன்று கட்டினாள். வாலில்லாத, வெறும் இறக்கை மட்டுமான பிளேன். பின்விளிம்பிலுள்ள இரண்டு மடல்கள்தான் எல்லா வேலையையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எழுந்தால் ஏறும். ஒன்று எழுந்து ஒன்று தாழ்ந்தால் திரும்பும். அந்த இரண்டு உத்தரவையும் கலந்து அனுப்ப ரிமோட்டில் மிக்ஸிங் வைக்க வேண்டும். அதையும் அவளே வைத்தாள். ஸ்டிக்கை வலதுபக்கம் தள்ளினாள், வலது மடல் எழுந்தது. மனசு குளிர்ந்துபோனது.

அண்ணன் இருக்கும் பிளேன் கிளப்பில் சேர ஒரே ஒரு சோதனை உண்டு: மைதானத்தைச் சுற்றிவந்து சேதமில்லாமல் இறக்க வேண்டும். விழுந்தால் மறுவாய்ப்புக் கிடையாது. தேறிவிட்டால் போட்டியில் அவளே பறக்கவிடலாம். அப்புறம் அண்ணனுக்கு யார் பிளேன் கட்டுவார்கள்? இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்குத் தோன்றியது.

"ரிமோட்டைக் குடும்மா, சார்ஜ் போட்டு வைக்கறேன்" என்று முந்தின நாள் வாங்கிப்போனான். தங்கமான அண்ணன்!

புதியவர்கள் பிளேனைத் தரையிலிருந்து ஏற்றக்கூடாது என்பது கிளப் வழக்கம். தேர்ந்த ஆள் ஏற்றி, உயரம் பிடித்ததும் ரிமோட்டைக் கைமாற்றுவார். அண்ணன்தான் ஏற்றினான். பிளேன் சொன்னபடி கேட்டது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

"இந்தா, பிடிச்சுக்கோ. பயப்படாதே."

கைமாறும்போது அவன் விரல் ரிமோட்டின் ஓரத்திலிருந்த சுவிட்சைத் தட்டியது. அவள் கண் வானத்தில் இருந்தது.

வலதுபக்கம் தள்ளினாள், பிளேன் இடதுபக்கம் சாய்ந்தது. பதறிப்போய் இன்னும் தள்ளினாள். இன்னும் சாய்ந்து, தலைகுப்புற வந்து தரையில் குத்தியது.

"வெட்டற கை வேற, ஓட்டற கை வேறம்மா" என்றான் அண்ணன், எல்லார் காதிலும் விழும்படி.

அவள் ரிமோட்டும் கையுமாக ஓடினாள். இறக்கை முறிந்திருந்தாலும் மடல்களில் உயிர் இருந்தது. வலதுபக்கம் தள்ளினால் இடது மடல் எழுந்தது. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஓரத்துச் சுவிட்ச் திரும்பியதும் வலது மடல் ஒழுங்காக எழுந்தது. கிளப் செயலாளரைக் கத்திக் கூப்பிட்டாள்.

"சார், இங்க வந்து பாருங்க! இந்த சுவிட்சுல எதையும் நான் வைக்கல. வலதை இடதா மாத்தற மாதிரி யாரோ இன்னொரு மிக்ஸிங் போட்டிருக்காங்க. நேத்து இது அண்ணன்கிட்ட இருந்துச்சு!"

கிளப் செயலாளர் தானே தட்டிப் பார்த்தார். உண்மை பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அண்ணனைப் பார்த்தார்.

"சும்மா ஒரு தமாஷ் சார்" என்றான் அண்ணன்.

"பலே கில்லாடிப்பா நீ!" செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஆனா சுவிட்சை எல்லாம் தட்டிப் பாக்காம வந்தது உன் தப்புதானேம்மா? விழுந்தது விழுந்ததுதான்."

சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள்.

உடைந்த துண்டுகளை அண்ணனே பொறுக்கிப் பையில் போட்டு அவளிடம் நீட்டினான்.

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல. அருமையா பறந்துச்சும்மா. போட்டிக்குள்ள இதே மாதிரி எனக்கு ஒண்ணு கட்டிக் குடு."