கேக்கம்மா தண்ணீரில் இறங்கினாள்

கேக்கம்மா என்ற பெயரை வைத்தது தெருப் பிள்ளைகள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டால் அவள் வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். கீழே பேக்கரி, மேலே வீடு. கல்யாணமாகி வந்த நாள் முதல் விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, தட்டுத் தட்டாக அடுப்பில் தள்ளி, நின்ற காலிலேயே வாழ்க்கையை ஓட்டியவள். நல்ல பூரித்த உடம்பு. குரல் அதைவிடப் பெரிசு. கடைக்குள் நின்று அவள் "பன் ரெடி!" என்றால் தெருக்கோடியில் தூங்குகிற நாய் எழுந்து வாலை ஆட்டும்.

அப்படிப்பட்டவளை முழங்கால் மடக்கிப் போட்டுவிட்டது. முதலில் மாடிப்படி ஏறும்போது ஒரு சுருக். பிறகு இறங்கும்போதும் சுருக். அப்புறம் காலையில் எழுந்தால் வலது கால் மரக்கட்டை மாதிரி மடங்காமல் அடம்பிடித்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மூட்டுக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்திருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், எடையைக் குறையுங்கள், தொடைக்கு வலு ஏற்றுங்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். கேக்கம்மா காதில் ஏறியது 'தேய்ந்திருக்கிறது' என்ற ஒரே சொல். தேய்ந்ததை நடந்து நடந்து இன்னும் தேய்ப்பானேன் என்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

கடையை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டதாக அவர் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைக் கேட்டால் கதை வேறு மாதிரி வரும். நாத்தனார் அவருடைய தங்கை. ஒல்லி உடம்பு, நீள நாக்கு. அவளுக்கும் முழங்கால் வலி இருந்தது. ஆனால் அண்ணிக்கு வந்த வியாதி தனக்கும் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. யாரும் பார்க்காதபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வருகிற நர்ஸ் ஒருத்தி முதன்முதலாக மாடியேறி வந்தபோது கேக்கம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"மாத்திரை கொண்டு வந்தீங்களா சிஸ்டர்?"

"இல்லம்மா. இப்போதைக்கு என் ரெண்டு கையைத்தான் கொண்டு வந்திருக்கேன்."

நர்ஸ் சிரித்தபடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டினாள். உள்ளே நறநறவென்றது.

"உங்களுக்கு என்ன ஆகணும்மா?"

"வலி போகணும்."

"அது எல்லாரும் சொல்றது. வலி குறைஞ்சா என்ன செய்வீங்க?"

இப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. கேக்கம்மா ஜன்னலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"யாரும் பிடிக்காம நானே கடைக்கு இறங்கிப் போகணும். என் கையால மாவு பிசையணும். இந்த மனுஷன் சுடுற பன்னை வெச்சு ஆணி அடிக்கலாம் சிஸ்டர்."

"எல்லாம் இங்கே கேக்குது!" என்று கீழேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்!"

அன்றைக்கே நர்ஸ் வேலையைத் தொடங்கிவிட்டாள். நாற்காலி ரொம்பத் தாழ்வு என்று அதன் கால்களுக்கு அடியில் கட்டை வைக்கச் சொன்னாள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாள். காலையில் கால் இறுகியிருந்தால் சூடு, நடந்து வீங்கினால் ஐஸ். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் என்றதும் கேக்கம்மா சண்டைக்கே வந்தாள்.

"அதெப்படி சிஸ்டர்? வலிக்கிற பக்கம்தானே முட்டுக் கொடுக்கணும்?"

"ரெண்டு பக்கமும் பிடிச்சு நடந்து பாருங்க. எது சுகமோ அதை வெச்சுக்கங்க."

நடந்து பார்த்தாள். தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

படிக்கட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஏறும்போது நல்ல காலை முன்னால் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கிற காலை. கேக்கம்மா அதைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்டாள்: "மேல ஏற நல்லவன் வேணும், கீழ இறங்கக் கெட்டவன் போதும்."

ஆனால் வாயில் வந்தது காலில் வரவில்லை. அறைக்குள் நடமாட்டம் தேறியது, வீக்கம் வடிந்தது. படிக்கட்டின் தலைமாட்டில் நின்று கீழே பார்த்தால் மட்டும் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஒருநாள் அப்படியே மேல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நர்ஸ் பக்கத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்தாள். அழுகை அடங்கிய பிறகு கேட்டாள்.

"உங்க பாரத்தைத் தூக்கிக்கிட்டு நடக்க உங்க காலுக்கு இன்னும் துணிச்சல் வரலம்மா. அதுவரைக்கும் தூக்க வேற ஆள் இருக்கு. வர்றீங்களா?"

"என்னையா? அந்தப் பயில்வான் யாரு?"

"தண்ணி."

ஊர் நீச்சல் குளத்தில் மூட்டுவலிக்காரர்களுக்கென்று காலையில் தனி நேரம் இருந்தது. தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். நர்ஸும் கூடவே இறங்குவாள். கேக்கம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நாலு பேர் முன்னால நீச்சல் உடுப்பா? குளத்துத் தண்ணியெல்லாம் வெளியே வந்துடும் சிஸ்டர்!"

"வந்தா திரும்ப ஊத்திக்குவாங்க அண்ணி, நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றாள் நாத்தனார். சொன்னதோடு நிற்கவில்லை. கை நீளச் சட்டையும் கணுக்கால்வரை காற்சட்டையுமாகத் தானே தைத்துத் தருகிறேன் என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். தைத்து முடித்துக் கொண்டுவந்து மடியில் போட்டால் கேக்கம்மா என்னதான் சாக்குச் சொல்வாள்?

போகிற அன்று ஒரு பக்கம் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் நாத்தனார் பிடித்துக்கொண்டு, பீரோவை இறக்குவது மாதிரி அவளைப் படிவழியே இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

குளத்தங்கரையில் உடை மாற்றும் அறையில் கேக்கம்மா தயாராகித் திரும்பினால், பக்கத்தில் நாத்தனாரும் அதே துணியில், அதே தையலில் நிற்கிறாள்.

"நீ எதுக்குடி?"

"துணி மிச்சமிருந்துச்சு அண்ணி." முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு மெல்ல, "எனக்கும் ரொம்ப நாளா வலிதான்" என்றாள்.

கேக்கம்மாவுக்குக் கேலி செய்ய வாய் துறுதுறுத்தது. ஆனால் நாத்தனாரின் ஒல்லிக் கால்களைப் பார்த்ததும் கேலியை விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பெரிய துண்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோர பெஞ்சில் காவல் உட்கார்ந்தார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற காலை முதலில் வைத்துக் கேக்கம்மா இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலை மூடியது, இடுப்பைச் சுற்றியது. நெஞ்சுவரை வந்தபோது ஏதோ ஆனது. தலைச்சுமையைப் பின்னாலிருந்து யாரோ வாங்கிக்கொண்டது மாதிரி உடம்பு பஞ்சாகிவிட்டது. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். சுருக் வரவில்லை. மற்றதையும் தூக்கினாள். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தின் அகலத்தை ஒருமுறை நடந்து மறுகரைக் கம்பியைத் தொட்டாள். எத்தனை நாளாயிற்று இப்படிக் கால் வீசி நடந்து! அடிவயிற்றிலிருந்து சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள்.

அவள் குரலுக்குச் சாதாரணச் சுவரே தாங்காது. அங்கே நாலு பக்கமும் டைல்ஸ். குரல் மோதி மோதி ஓலமாக எழுந்தது. பெஞ்சில் கண்ணயர்ந்திருந்த வீட்டுக்காரர் திடுக்கிட்டு விழித்தார். பெண்டாட்டி முழுகுகிறாள் என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை. மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், செருப்பு, துண்டு சகிதமாக எழுந்து ஓடித் தொபீரென்று குதித்துவிட்டார்.

அவருக்கு நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. கையும் காலும் நாலு திசையில் அடித்தன. துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் மிதந்தது. கேக்கம்மா நர்ஸின் கையை உதறினாள். தண்ணீரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, கப்பல் வருவது மாதிரி அலையெழுப்பிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினாள்.

"காலை ஊனுங்க! ஊனி நில்லுங்க! தண்ணி உங்க நெஞ்சுக்குத்தான் இருக்கு!"

ஊனினார். நின்றார். நெஞ்சுவரைதான் இருந்தது. குளத்துக் காவல்காரர் மிதவை வளையத்தைத் தூக்கியபடி கரையில் வந்து நின்று, வேலை முடிந்துபோனதைப் பார்த்துவிட்டு வளையத்தைக் கீழே வைத்தார்.

"நீ முழுகலையா?" என்றார் வீட்டுக்காரர், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக.

"சுகமா இருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தக் கோடியில இல்ல நின்ன? எப்படிம்மா இங்கே வந்த?"

அப்போதுதான் கேக்கம்மா திரும்பிப் பார்த்தாள். கம்பி தூரத்தில் இருந்தது. நடுக்குளத்தில் நர்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "உங்களைப் பிடிக்க என்னால முடியலம்மா!"

முதலில் சிரித்தது நாத்தனார். பிறகு குளத்தில் இருந்த மூட்டுவலிக்காரர் அத்தனை பேரும் சிரித்தார்கள். கேக்கம்மா கணவரின் காலரை விடாமலே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்.

அதன் பிறகு குளத்துக்குப் போகும் காலைகளில் அவள்தான் எல்லோரையும் கிளப்பினாள். தண்ணீரில் பழகிய கால் கரையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபடி கேட்டது. மேகம் கட்டினால் குடைச்சல் வரத்தான் செய்தது. வந்தால் ஓய்வு, சூடு, மறுநாள் மறுபடி துண்டுச் சுருள் என்று நர்ஸ் வழி சொல்லியிருந்தாள். உடம்பும் சற்றே வற்றியது. நாத்தனார் இப்போது கூச்சமில்லாமல் "அம்மாடி, முட்டி!" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருந்தாள்.

ஒருநாள் காலை கேக்கம்மா மேல்படியில் நின்றாள். நர்ஸ் அவளுக்கு ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி நின்றாள். அடியில் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி நில்லுங்க. நான் விழுந்தா உங்களைத் தேடித்தான் எடுக்கணும்."

கைப்பிடிச் சுவரில் ஒரு கை, தடியில் ஒரு கை. நடுவழியில் ஒருமுறை நின்று மூச்சு விட்டாள். கால் நடுங்கியது, ஆனாலும் தாங்கியது. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்ததும் கடைக்குள் புகுந்து, கை கழுவி, முழங்கை வரை மாவுக்குள் விட்டாள். மாவு வெதுவெதுவென்று உப்பி அவள் விரல்களுக்கிடையே ஏறியது. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முதல் தட்டு வெந்து வாசனை தெருவுக்குப் போனதும் ஒவ்வொருவராக வாசலில் கூடினார்கள். கேக்கம்மா அடுத்த தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"இன்னைக்கு நின்னது போதும்மா. உட்கார்ந்து செய்ங்க" என்று நர்ஸ் உயரமான ஸ்டூலை அவளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

"ஒரே ஒரு தட்டு சிஸ்டர்!"

"உட்கார்ந்துக்கிட்டு எத்தனை தட்டு வேணும்னாலும் போடுங்க."

கேக்கம்மா முகத்தைச் சுளித்தாள். பிறகு ஸ்டூலில் ஏறி அமர்ந்து, மாவை முன்னால் இழுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக் குரல் எடுத்தாள்.

"தள்ளாதீங்கப்பா! எல்லாருக்கும் உண்டு!"