விரிசல் விழுந்த பூஜ்யம்

மூன்று வாரமாக அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் அறைக் குளிரே போதும், மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்களுடைய ஆய்வுக்கூடம் அறிவித்திருந்தது. அப்படிப்பட்ட பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். அதுவரை தெரிந்த மீக்கடத்திகள் எல்லாம் பொல்லாத குளிர் கேட்பவை, அல்லது கற்பனைக்கு எட்டாத அழுத்தம் கேட்பவை. இவர்களுடையதோ மிளகு அளவுக் கறுப்புக் கல். அதில் நான்கு கம்பி ஒட்டி, குளிர வைத்து, மின்தடை பூஜ்யத்தில் வந்து நின்றதை முதலில் பார்த்தவள் அவள்தான். அன்றிலிருந்து கூடத்தில் அவளுக்கு 'சைபரக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவள் தம்பி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின்களைப் பராமரிப்பவன். தினம் போன் செய்தான்.

"அக்கா, எங்க மெஷின் காந்தத்தைக் குளிர வைக்க ஹீலியம் கிடைக்காம அல்லாடறோம். உன் கல்லு எப்ப வரும்னு பெரிய டாக்டரே கேக்கறார்."

"மொத்தமா வேணுமா, சில்லறையா வேணுமான்னு கேட்டுச் சொல்லு," என்றாள். சிரிப்பு காதுவரை போனது.

அந்தச் சிரிப்புக்கு ஒரு புதன்கிழமை காலை ஆப்பு வந்தது. வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்றே வரியில் கடிதம். 'உங்கள் செய்முறைப்படி ஆறு தடவை செய்து பார்த்தோம். பூஜ்யம் வரவில்லை. உங்கள் கல்லையே அனுப்ப முடியுமா?'

கூடத்தின் தலைவர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மேஜைமேல் போட்டார். "வயித்தெரிச்சல். அவங்க உலை சரியில்லைன்னா நம்ம கல்லு என்ன பண்ணும்?"

அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் மனதில் ஏற்கெனவே ஒரு முள் இருந்தது. முதன்முதலாகப் பூஜ்யம் வந்த அன்று கல்லை மறுபடி சூடேற்றியபோது, தடை படிப்படியாகத் திரும்பி வரவில்லை. சொடக்குப் போட்டாற்போல் ஒரே நொடியில் எகிறியது. கருவிதான் ஏதோ துள்ளுகிறது என்று விட்டுவிட்டாள். "எல்லாம் சரிதானே?" என்று தலைவர் கேட்டபோது, "சரிதான் சார்" என்றும் சொல்லியிருந்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கல்லை எடுத்து மறுபடி அளந்தாள். குளிர வைத்தால் பூஜ்யம். சூடேற்றினால் அதே சொடக்கு. நான்காவது தடவை கல்லைக் குளிரோடு குளிராக நுண்ணோக்கியின் அடியில் வைத்து, கம்பிகளை ஒட்டியிருந்த வெள்ளிப் பசையை ஊசியால் மெல்லச் சுரண்டினாள். அடியில் தலைமுடியில் பாதி கனத்துக்கு ஒரு விரிசல்.

 குளிரக் குளிர விரிசல் வாய் பிளந்திருக்கிறது. மின்சாரம் கல்லின் ஒரு பக்கமாகவே சுற்றிப் போயிருக்கிறது. அளக்கும் கம்பிகளோ மறுபக்கம் இருந்திருக்கின்றன. தண்ணீரே வராத வாய்க்காலில் நின்றுகொண்டு, ஓட்டத்துக்குத் தடையே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

தலைவர் நுண்ணோக்கியில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு, "யார் யாருக்குத் தெரியும்?" என்றார்.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார்."

"இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா, நல்ல கல்லு ஒண்ணு செஞ்சிடலாம். அப்புறம் இதை யார் கேக்கப் போறாங்க?"

 பதினோரு வருஷமாக அவள் அவரோடு வேலை செய்கிறாள்; எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "அந்த ஊர்ல ஆறு தடவை செஞ்சிருக்காங்க சார். இன்னும் எத்தனை இடத்துல செஞ்சுட்டு, தப்பு தங்களோடதுன்னு நினைச்சுட்டிருக்காங்களோ. அன்னிக்கு சரின்னு சொன்னது நான்தான். நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?"

அவர் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினார். திரும்பி வந்து, ஈரக் கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. 'நாங்கள் அளந்தது தவறு'ன்னே ஆரம்பி. சுத்தி வளைக்க வேண்டாம்."

அறிக்கை வெளியானதும் நாலா பக்கமும் கேலி. ஒரு பத்திரிகை ஓட்டை வாளியைப் படம் போட்டது. அவள் கணவர் வீட்டில் அந்தப் பத்திரிகையை ஒளித்து வைத்தார். தம்பி மட்டும், "பரவால்லக்கா, டாக்டர்கிட்ட ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டேன்," என்றான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஐந்தாம் நாள் அந்த மூன்று வரிக் கடிதக்காரி போன் செய்தாள். கறாரான குரல்.

"விரிசல் படத்தையும் சேர்த்துப் போட்டீங்களே, அப்படி யாரும் போட மாட்டாங்க. அதனால கேக்கறேன். கம்பியை விடுங்க. கம்பி இல்லாம காந்தத்தை வெச்சுப் பாத்தீங்களா?"

"அந்தக் கருவி எங்ககிட்ட இல்ல மேடம்."

"எங்ககிட்ட இருக்கு. கல்லோட வாங்க."

தலைவரே ரயிலேற்றிவிட்டார். அங்கே போனால், கடிதக்காரி அவளைவிடக் குள்ளம். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, பேச்சில் எண்ணெய் போடாத கதவு. இருவரும் கல்லைப் பொடித்து, சின்னக் குழாயில் அடைத்து, காந்தத்துக்கு நடுவில் இறக்கினார்கள். ஐஸ் குளிரில் ஒன்றுமில்லை. மைனஸ் ஐம்பதில் ஒன்றுமில்லை. நூறிலும் இல்லை. அவள் மனதுக்குள் ரயில் டிக்கெட்டைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

மைனஸ் நூற்று எழுபதில் திரையில் இருந்த கோடு தலை கவிழ்ந்தது. கல் காந்தப் புலத்தை வெளியே தள்ளத் தொடங்கியிருந்தது. மீக்கடத்தி செய்கிற காரியம் அது.

கடிதக்காரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நான் நம்பலை. மறுபடி."

மூன்று தடவை சூடேற்றிக் குளிர வைத்தார்கள். மூன்று தடவையும் கோடு அதே இடத்தில் கவிழ்ந்தது. சொடக்கு இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. பொடியில் இருபதில் ஒரு பங்குதான் அப்படி நடந்துகொள்கிறது. மீதி வெறும் கல். ஃபிரிட்ஜ் கனவு ஃபிரிட்ஜிலேயே போய்விட்டது. ஆனாலும் இந்தக் கலவையில் மீக்கடத்தி இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தக் குளிருக்கு ஹீலியமும் வேண்டாம், சாதாரணத் திரவ நைட்ரஜனே போதும்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் அவள்.

"யாருக்கும் சொல்லக் கூடாது. மூணு கூடத்துக்கு அனுப்புவோம். எது என்னன்னு அவங்களுக்கும் தெரியக் கூடாது."

ஜன்னலோர மேஜையில் வெயில் விழுந்திருந்தது. இருவரும் பொடியைப் பங்கு பிரித்தார்கள். ஒவ்வொரு கூடத்துக்கும் நான்கு புட்டி; அளப்பவர்களைச் சோதிக்க அதில் ஒன்றில் மட்டும் வெறும் செங்கல் தூள். அவள் எண் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தலைவர் அழைத்தார்.

"என்னம்மா வந்துது?"

"சொல்ல மாட்டேன் சார்."

"என்கிட்டயேவா?"

"உங்ககிட்டத்தான் முக்கியமா."

 மறுமுனையில் அவர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கடிதக்காரி பசைப் புட்டியை நீட்டினாள். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஐந்தாம் எண்ணை ஒட்டினாள்.