தட்டாமல் விட்ட வால்வு

டொக்கு என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் மேசை, ஜன்னல், தம்ளர், எதிரே உட்கார்ந்தவர் மண்டை என்று எதையும் விட்டுவைக்காமல் தட்டுவான். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி ஒன்று. தலை நரைத்த பிறகு அந்தப் பழக்கமே அவனுக்குச் சோறு போட்டது. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்து, ரெக்கார்டு ஊசியில் வரும் துளிச் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டிகள் செய்தான். சில வால்வுகளுக்குக் காது உண்டு. பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்கும். பக்கத்தில் பேசினால் பேச்சும் உள்ளே போய்விடும். அதுகளைத் தட்டிப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

இந்தப் பெட்டி அக்காவுக்கு. அம்மாவின் குரல் ஒரே ஒரு ரெக்கார்டில் இருந்தது. பொருட்காட்சியில், பேசுவதை அங்கேயே ரெக்கார்டாகப் பதிந்து தரும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசியது. அந்த மாதமே அவள் போய்ச் சேர்ந்தாள். குரல் அத்தனை மெலிசு, எந்தப் பெட்டியில் போட்டாலும் பெட்டியின் இரைச்சலே அதை விழுங்கிவிடும்.

"அவ கடைசியா என்னதான் சொன்னான்னு தெரியாம நான் சாகமாட்டேன்" என்று அக்கா வருடக்கணக்காக அவன் உயிரை வாங்கினாள்.

இரைச்சலைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் தள்ளி வைத்தான். வால்வு இழைகளுக்கு பேட்டரி கொடுத்தான். இருப்பதிலேயே அமைதியான வால்வைச் செருகினான். தட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்குள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறமா தட்டிக்கலாம். போடுடா."

ஊசியை வைத்தான். இரைச்சலே இல்லை. அம்மா பக்கத்தில் நின்று பேசுவதுபோல் பேசினாள். நடுவில், டொக் டொக். டொக்.

பென்சில் மேசையில் கிடந்தது. அவன் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

"யாரு கண்ணாடியத் தட்டுறது?" என்றாள் அம்மா. யாரோ பதில் சொல்லும் நேரம் மௌனம். "டொக்கு, நீயா? குரல் ஏன்டா இப்படிக் கிழவனாட்டம் ஆயிடுச்சு?" மறுபடி மௌனம். "அழாதடா. அக்கா எப்பப் போனா?"

ஊசி உள்வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நீ காய்ச்சல்ல வீட்டுல கிடந்த" என்றாள் அக்கா. "கூண்டுக்கு வெளிய நான் மட்டுந்தான் நின்னேன். ஒருத்தரும் தட்டல. ஆனா வெளிய வந்ததும் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுதா. ஏன்னு கேட்டா வாயே திறக்கல."

அவன் பென்சிலை இரண்டாக ஒடித்துப் போட்டான். அதன் பிறகு எந்த வால்வையும் தட்டவில்லை. யாராவது நடந்தாலே பெட்டி கூவுகிறது என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். தொழில் மறந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தான். அம்மாவுக்குக் கேட்டது அக்கா போன பிறகு தான் தட்டப்போகும் தட்டு, அதைத் தட்டாத வரை அக்கா இருப்பாள் என்று நம்பினான்.

அந்த வருடக் கடைசியில் அக்கா படுக்கையில் விழுந்தாள். மருத்துவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

"நான் போனதும் தட்டிடுடா" என்றாள். "கூண்டுக்குள்ள அவ காத்துக்கிட்டிருப்பா, பாவம்."

"பேசாம தூங்குக்கா."

அவள் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கட்டில் சட்டத்தின் மேல் ஏதோ சத்தம் கேட்டு டொக்கு குனிந்து பார்த்தான். அவன் விரல்தான். இரண்டு தட்டியாகிவிட்டது. மூன்றாவது விழுமுன் இன்னொரு கையால் அந்த விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.