ஒரு நட்டு குறையாமல்

"ஒரு நட்டு குறையாம மாட்டித் தாரேன்க்கா" என்று சுந்தரலிங்கத்தை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான். அவன் வாய் அப்படி.

கார் அவனுடைய மச்சான் சுருளிராஜனுடையது. பழைய அம்பாசடர். மச்சான் போய்ச் சேர்ந்த பிறகு, தேவாரத்தில் அக்கா வீட்டுத் தகரக் கொட்டகையில் கோழி முட்டையிடுகிற இடமாகக் கிடந்தது. விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அக்கா இருளம்மாள். மகள் அனுஷ்காவுக்கு வந்த சம்பந்தமெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் தட்டிப்போய், கடைசியில் சின்னமனூர்ப் பக்கம் ஒன்று கூடி வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். கல்யாணத்துக்கு முன்னாடி இந்த வண்டி ஓடியாகணும் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. அப்பா வண்டியில் பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டிப்போக ஆசை போலிருக்கிறது என்று இவனே நினைத்துக்கொண்டான்.

சுந்தரலிங்கம் மெக்கானிக் இல்லை. பழனிசெட்டிபட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். ஆனால் யூடியூப் இருக்கிறதே! வண்டியை லாரியில் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்தில் இறக்கி, கதவு, சீட்டு, கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு போட்டோ. நட்டு போல்ட்டை ஊறுகாய்ப் பாட்டில்களில் போட்டுப் பேர் எழுதி ஒட்டினான். மனைவி ஹேமாவதி, "என் அடுப்படியே உங்க வண்டிக்குள்ளதான் கெடக்கு" என்று புலம்பினாள். உண்மையில் நல்ல வேலைதான் பார்த்தான். பட்டி பார்த்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, போட்டோவைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் திருப்பி மாட்டினான். இன்ஜின் முதல் தடவை உறுமியபோது அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏலே சுந்தரம், ஸ்டியரிங்குக்கு அடியில மஞ்சத்துணி முடிச்சு ஒண்ணு கெடக்குமே, பத்திரமா இருக்குல்ல?"

"இருக்குக்கா. அப்படியேதான் இருக்கு."

யோசிக்கவே இல்லை. நாக்கு முந்திக்கொண்டது. அதற்கப்புறம்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அனுஷ்காவுக்குக் கல்யாணம் கூடி வரணும் என்று வீரபாண்டி ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு மச்சான் கையால் முடிந்த காணிக்கையாம் அது. கூடி வந்தால் இதே வண்டியில் போய், அவிழ்த்து உண்டியலில் சேர்க்க வேண்டுமாம். "நேந்துக்கிட்டத நெறவேறுற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுல்ல, அதான் ஒங்கிட்டக்கூடச் சொல்லல. வெள்ளிக்கிழம வந்துர்றோம்" என்று வைத்துவிட்டாள்.

அந்த முடிச்சு சுந்தரலிங்கத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கருத்துப்போன திருஷ்டிக் கயிறு என்று நினைத்து, காய்ந்த எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து நறுக்கிக் குப்பையில் போட்டவன் அவன்தான். பழைய வயர், கிழிந்த ரப்பர் எல்லாவற்றோடும் அது பேரூராட்சி வண்டியில் போய் எவ்வளவோ நாளாயிற்று. குப்பைக்கிடங்கு வரைக்கும் போய் நின்று பார்த்தான். அங்கன மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தான்.

அப்போதே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். திட்டுவாள், அழுவாள், அவ்வளவுதானே. அதற்குத் துணிச்சல் வரவில்லை. போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். ஹேமாவதியிடம் மஞ்சள் துணி கேட்டான். "எதுக்கு?" என்றாள். கண்ணாடி துடைக்க என்றான். ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்து, கிரீஸைத் தடவி, பழைய ஆயிலில் புரட்டி எடுத்து, போட்டோவில் இருந்த அதே இடத்தில் கட்டினான். காணிக்கை என்றால் காசுதானே, வேறென்ன இருக்கப்போகிறது? கட்டி முடித்தபோது, செத்துப்போன மனுஷனின் கையெழுத்தைப் போட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா முன்சீட்டில் ஏறினாள். அனுஷ்காவும் ஹேமாவதியும் பின்னால். கம்பம் ரோட்டில் வண்டி அலுங்காமல் போனது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு தடவை குனிந்து முடிச்சை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுந்தரலிங்கம் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோயிலில் இறங்கியதும், "நீயே அறுத்துக் குடுடா. ஒங்க மச்சான் இருந்தா அவுகதான் அறுப்பாக" என்றாள். அறுத்துக் கொடுத்தான்.

வாங்கியவள் முடிச்சைப் பெருவிரலால் உருட்டினாள். விரல் நின்றது. மறுபடி அழுத்திப் பார்த்தாள். தம்பியை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவன் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். சட்டென்று கையை மூடிக்கொண்டு, "வாத்தா" என்று மகளை உண்டியலுக்குக் கூட்டிப்போனாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. அப்படியே போட்டாள். அனுஷ்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

ஹேமாவதியும் அனுஷ்காவும் பூ வாங்க நின்றபோது, வண்டிக்குப் பக்கத்தில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள்.

"அக்கா, நான் தெரியாம..."

"பேசாத. அதுல முடிஞ்சிருந்தது காசு இல்லடா. என் தாலியில கெடந்த தங்கக் குண்டு ஒண்ண உருவி, ஒங்க மச்சான்தான் முடிஞ்சாக. அவுக போனப்புறம் மிச்சத்தையெல்லாம் கழட்டி உருக்கியாச்சு. நான் சுமங்கலியா இருந்ததுக்குன்னு அது ஒண்ணுதான் கெடந்துச்சு."

அவன் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டான்.

"அனுஷ்காகிட்ட நானே சொல்லீர்றேன்க்கா. ஆத்தாகிட்டயும் மன்னிப்புக் கேட்டு, புதுசா ஒரு குண்டு..."

"ஒண்ணும் வேண்டாம். தட்டித் தட்டிக் கூடி வந்த கல்யாணம். காணிக்கையில கொற விழுந்துச்சுன்னு அவ காதுல விழுந்தா, நாளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் இதுனாலதான்னு பயந்து சாவா. நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். நம்ம அம்மா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினான். எப்படியாவது ஒரு நாள் காலில் விழுந்து சொல்லி அழுது தீர்த்துவிடலாம் என்று கட்டி வைத்திருந்த எண்ணமும் அதோடு போயிற்று.

அனுஷ்கா தலை நிறையப் பூவோடு வந்து ஏறினாள். பின்னாலிருந்து எட்டி, ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, எங்கப்பா வச்சிருந்த மாதிரியே எல்லாத்தையும் மாட்டிட்டீகளே. எப்படி மாமா?"

சுந்தரலிங்கம் சாவியைத் துவாரத்தில் செருகினான். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"ஆமாத்தா. ஒரு நட்டு குறையல."

அவன் சாவியைத் திருகினான். வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது.