நாற்பது கத்தல்

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாளெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாத்து கத்துவதைக் கேட்கிறேன். ஏரியில் பதிவு செய்து அனுப்புவார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் நேராகப் பசி, பயம், சண்டை, தேடல் என்று நான் குறிக்க வேண்டும். இதற்குத்தான் விழுந்து விழுந்து படித்தேன்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கத்தல். பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு மிஞ்சியது "ம்பா" மட்டும். பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். அவள் கிளம்பி, நான் சமையலறைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தலையணையை உயர்த்துவேன், ஃபேனைக் கூட்டுவேன். அதெல்லாம் இல்லை. அடுப்புக்குத் திரும்பினால் மறுபடி "ம்பா." ஆறு மாதமாக இதே பாடு! நேற்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு? என் உயிரா? எடுத்துக்குங்க!"

அவர் கண் கலங்கிவிட்டது. பாவி நான், சமாதானம் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன்.

இன்று ஆபீசில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"நாப்பது கத்தலுக்கும் பசின்னு போட்டிருக்கீங்களேம்மா, ஏரியில பஞ்சமா?"

"பசியில்லாம எதுக்கு சார் இப்படி உயிரை விட்டுக் கத்தும்?"

"பாதியில நிறுத்தாம முழுசாக் கேளுங்க."

கேட்டேன். நாணலுக்குள் ஒரு வாத்து விடாமல் கத்தியது. தூரத்திலிருந்து அதன் ஜோடி ஒரே ஒரு தடவை பதில் கொடுத்தது. உடனே இது அடங்கிவிட்டது.

"ஜோடி கண்ணுக்கு மறைஞ்சதும், இருக்கியான்னு கேக்குது. வேற ஒண்ணும் வேண்டாம் அதுக்கு" என்றார்.

நாற்பதையும் அழித்துத் தேடல் என்று மாற்றினேன். பஸ்ஸில் வரும்போது யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

சாயங்காலம் சமையலறைக்குள் நுழைந்தேன். "ம்பா" என்றார். கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போனது. எடுக்கவில்லை. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே குரல் கொடுத்தேன்.

"இங்கதாங்க இருக்கேன்."

அதற்குப் பிறகு சத்தமில்லை. சோறு வெந்து இறக்கும்வரை இல்லை. ஆறு மாதமாக மனுஷன் இதற்கா கூப்பிட்டார்! என்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது.

அடுப்பை அணைத்தேன். இன்னும் சத்தமில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க?" என்றேன்.

"ம்பா" என்றார்.