பதினெட்டு மைல் ஒழுங்கை

உருத்திரபுரத்தின் கடைசி வாய்க்காலோரம் போகும் ஒடுங்கிய ஒழுங்கையிலிருந்து வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்துக்கு அரை மைல். தேர்தல் நாளில் மட்டும், ஒருமுறையும் வாக்களிக்காத இளசுகளுக்கு அது பதினெட்டு மைல். தொடக்கத்தில் ஒரு மைலாகத்தான் இருந்தது; நாங்கள் போடாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று அவர்கள் வீட்டிலிருந்த ஒவ்வொரு தேர்தலுக்கும் நீண்டுகொண்டு போனது. பெரியவர்கள் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். கிராம சேவகர் வந்து, ஒரு இளசிடம் நாடாவின் நுனியைக் கொடுத்து அளந்து பார்த்தார். நாடா போதவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

நிரோஜாவுக்கு இருபத்தாறு வயது. அவளுடைய தாய் சிவனேஸ்வரி ஏழு வருடங்களுக்கு முன் பிரதேச சபைத் தேர்தலில் நின்று மூன்று வாக்கால் தோற்றவர். ஒழுங்கை முடிவில் வாய்க்காலைக் கடக்க ஒரு மதகு கட்டுவிக்க வேண்டும், அதற்காகத்தான் நின்றார். மாரிக்கு அங்கே வாய்க்கால் மேவிப் பாயும். பள்ளிப் பிள்ளைகளைத் தோளில் தூக்கித்தான் கடத்துவார்கள். அன்று வாக்களிக்காமல் வீட்டில் கிடந்த பன்னிரண்டு பேரில் நிரோஜாவும் ஒருத்தி. தாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால் நிரோஜாவுக்கு மனம் ஆறியிருக்கும்.

ஒழுங்கை நீளுகிற பிழை எங்கே என்று வயலில் தண்ணீருக்குக் காத்து நின்றபோது அவளுக்கு விளங்கியது. அங்கே தண்ணீர் முறைப்படிதான் வரும். முதல் காணிக்கு முதலில், கடைசிக் காணிக்குக் கடைசியில். இளசுகளும் தங்களை அறியாமல் அதே முறையைத்தான் பிடித்திருந்தார்கள். முதல் காணி அனோஜன் போகட்டும் என்று பதினொரு பேர் காத்திருந்தார்கள். அனோஜனோ படு சோம்பேறி. நிரோஜாவின் வீடு கடைசிக் காணி.

தாய் மறுபடி நின்ற இந்தத் தேர்தலில் அவள் முறை பார்க்கவில்லை. காலை ஆறரைக்கே இறங்கினாள்.

"அனோஜன் இன்னும் எழும்பேல்லை, நீ எங்கை போறாய்?" என்றான் பக்கத்துக் காணி ரஜிதன்.

"ஆராவது முதல் போய்ப் பாத்தாத்தானே என்ன நடக்குதெண்டு தெரியும்."

பதினெட்டு மைலும் நடந்தாள். ஒரே மருதமரத்தை முப்பத்தாறு தரம் கடந்தாள். இருபதாம் தரம் செருப்பு அறுந்தது. முப்பதாம் தரம் அழுதாள். வாக்களிப்பு நாலு மணியோடு முடியும். அவள் மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடப் படியை மிதித்தாள். அவளுடைய சின்னிவிரலில் மை பட்டதும் ரஜிதனுக்கு ஒழுங்கை இரண்டு மைலாகச் சுருங்கியது. சைக்கிளில் அவன் வந்து சேர, அடுத்தவளுக்கு ஒரு மைல். அதன்பிறகு வந்தவர்களுக்கு இன்னும் கிட்ட. மத்தியான நித்திரையால் எழும்பி முகம் கழுவிக்கொண்டிருந்த அனோஜன், படலைக்கு வெளியே வைத்த கால் நேரே வாக்குச்சாவடி வரிசையில் விழுந்தது. முகத்தில் சவர்க்கார நுரையோடு நின்றவனிடம் அலுவலர் அடையாள அட்டை கேட்டார். ஒரு எட்டு பின்னால் வைத்து வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தான். அலுவலர் நேரத்தைப் பார்த்தார், நாலுக்கு இரண்டு நிமிடம். வாக்குச்சீட்டைக் கொடுத்தார்.

பொழுதுபட, சிவனேஸ்வரி வெந்நீர் வைத்து மகளின் கால்களைக் கழுவிவிட்டார். கொப்புளங்களைத் துணியால் ஒற்றினார். வாக்கைப் பற்றி ஏழு வருடமாக வாய் திறக்காதவர் அப்போது கேட்டார்.

"ஆருக்குப் பிள்ளை போட்டனி?"

"அதைச் சொல்லக்கூடாதெல்லோ அம்மா."

சிவனேஸ்வரி ஒன்பது வாக்கால் வென்றார். மாரிக்கு முன்னமே மதகும் வந்தது. மகள் யாருக்குப் போட்டாள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.